வாயுறையும் வன்முறையும்: கொள்ளைநோய்க் காலத்து அறிவுறுத்தலின் அறம்

கொள்ளைநோய் பரவுங்காலத்தில் அரசு தன் மக்களிடம் சிலவற்றைக் கேட்கிறது. தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், நோயுற்றவரைத் தனியே வைக்க வேண்டும், திருவிழாவையும் சந்தையையும் சிலகாலம் நிறுத்த வேண்டும், இறந்தவரைக்கூட வழக்கமான முறையில் அடக்கம் செய்யாதிருக்க வேண்டும் என்பன போன்றவை அவை. கேட்கப்படுபவை பெரும்பாலும் நன்மை பயப்பனவே. ஆயினும் மக்களுள் ஒரு பகுதியினர் மறுக்கின்றனர். அம்மறுப்பை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் வினா, பொதுநல மருத்துவம் பற்றிய எழுத்துகளில் பெரிதும் உத்தி பற்றிய வினாவாகவே எழுப்பப்படுகிறது. எச்சொல்லைப் பயன்படுத்துவது, எப்படத்தைச் சுவரில் ஒட்டுவது, எவர் வாயிலாகச் சொல்வது என்று அது விரியும். இக்கட்டுரை அதனை அறம் பற்றிய வினாவாகக் கொள்கிறது. ஒருவரை அவர்தம் நன்மைக்காகவே ஒரு செயலுக்கு உந்தும்போது எவ்வழிகள் தகும், எவை தகா? அச்சுறுத்தலாமா? மிகைப்படுத்தலாமா? பொய்யுரைக்கலாமா? தமிழ் இலக்கண, அறநூல் மரபு தரும் சில கருத்துகளைத் துணைக்கொண்டு இவ்வினாக்கள் ஆராயப்படுகின்றன. 1896ஆம் ஆண்டு முதல் மும்பை மாகாணத்தில் பரவிய பிளேக் நோயும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசத்தில் நிகழ்ந்த போலியோ ஒழிப்புப் பணியும் இவ்வாய்வுக்குரிய சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

கசப்பான சொல்லின் இலக்கணம்

தொல்காப்பியச் செய்யுளியல் வாழ்த்தின் வகைகளைக் கூறுமிடத்து வாயுறை வாழ்த்தையும் செவியறிவுறூஉவையும் உடன் வைத்துப் பேசுகிறது. வாயுறை வாழ்த்து, வேம்பும் கடுவும் போன்ற வெஞ்சொற்களால் ஆவது; கேட்குங்கால் கசப்பினும் பின்னர்ப் பெரிதும் பயன் தருவது; ஓம்படைக் கிளவியாக, அதாவது பாதுகாக்கும் சொல்லாகக் கூறப்படுவது. செவியறிவுறூஉ, உயர்ந்தோர் நடுவே பொங்காது அடங்கி ஒழுகுதல் கடன் எனச் செவியில் உறுத்துவது. கைக்கும் மருந்தை உவமையாக்கி அறிவுரைக்கு இலக்கணம் வகுத்த இம்மரபு, கசப்பான சொல்லை விலக்கவில்லை. வாழ்த்து என்ற பெயரையே அதற்கு அளித்துள்ளது.

இவ்விரண்டும் எத்திசையில் இயங்கின என்பதைப் பலரும் கருத்திற் கொள்வதில்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறை பற்றிக் கூறிய பாடல் செவியறிவுறூஉத் துறையிற் சேர்க்கப்பட்டுள்ளது. சொல்பவர் புலவர், கேட்பவர் வேந்தர். புலவரிடம் படையில்லை, சிறையில்லை. அவர் சொல்லை வேந்தன் தள்ளிவிடலாம். தள்ளினால் புலவருக்குத்தான் இழப்பு. எனவே அங்குச் சொல் எவ்வளவு கசந்தாலும் அது சொல்லாகவே நின்றது. கேட்போனின் அறிவையன்றி வேறெதனையும் அது தொட முடியாது. திசை மாறும்போது நிலைமையும் மாறுகிறது. படையும் சிறையும் உடைய அரசு, அவை ஒன்றுமில்லாத குடிமகனை நோக்கி அதே வெஞ்சொல்லைக் கூறுமாயின், அச்சொல்லின் பின்னே நிற்கும் தடியையே அவன் முதலிற் காண்கிறான். மருந்தின் கசப்பும் தடியின் வலியும் வேறுவேறு என்று அவனுக்கு விளக்குவது எளிதன்று. கொள்ளைநோய்க் காலத்து அறிவுறுத்தலின் அறச்சிக்கல் இந்தத் திசைமாற்றத்திலிருந்தே தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொற்றுநோயில் மறுப்பவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. அண்டை வீட்டுக் குழந்தைக்கும் செய்கிறார். தனிமனித உரிமைக்காக வாதிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, 1859இல் வெளிவந்த தம் நூலில், பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தலாம் என ஒப்புக்கொண்டார். ஆகவே வற்புறுத்தல் எக்காலும் அறமன்று என்று கூற இயலாது. இக்கட்டுரையும் அவ்வாறு கூறவில்லை. ஆயின் வற்புறுத்தும் உரிமை, வற்புறுத்துபவரின் அறிவு சரியானது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அவ்வெடுகோள் பொய்த்துப்போன நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே உள்ளது.

புனே, 1897

1896 செப்டம்பரில் மும்பையின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயை அடையாளங் கண்டார். 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மிகச் சில பிரிவுகளே கொண்ட அச்சட்டம் அரசுக்கு ஏறத்தாழ எல்லையற்ற அதிகாரத்தை அளித்தது. மீறுவோருக்குத் தண்டனையும், நல்லெண்ணத்தோடு செயற்பட்ட அலுவலர்மீது வழக்குத் தொடுக்கலாகாது என்ற பாதுகாப்பும் அதில் இருந்தன. புனேயில் ராண்ட் என்னும் அதிகாரி தலைமையிலான பிளேக் குழு, மார்ச்சு முதல் மே வரை படைவீரர்களைக் கொண்டு வீடுவீடாகச் சோதனை நடத்தியது. நோயுற்றவர் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனிமை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வீட்டுப் பொருள்கள் எரிக்கப்பட்டன. அடுப்பங்கரையிலும் பூசையறையிலும் காலணியோடு புகுந்ததும், பெண்களைப் பிறர் காணச் சோதித்ததும் பெருங்கொதிப்பை விளைத்தன.

மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், பிணங்களையும் ஒளித்தனர், ஊரைவிட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் சென்றது. நோயைக் கட்டுப்படுத்தக் கையாண்ட வன்முறை, நோய் பற்றிய செய்தியையே அரசிடமிருந்து மறைத்துவிட்டது. மும்பையிலோ 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியிருந்தனர். நோயாளிகளின் உடலிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்ற வதந்தி உலவியது. நகைக்கத்தக்க வதந்திதான். ஆயினும் அதன் அடியில் ஒரு கண்கூடான உண்மை கிடந்தது: முற்றிய நிலையில் கொண்டுசெல்லப்பட்டோருள் பெரும்பாலோர் அம்மருத்துவமனைகளிலிருந்து உயிருடன் திரும்பவில்லை. கண்டதற்குக் காரணம் கற்பித்ததில் மக்கள் தவறினர், கண்டதில் தவறவில்லை.

1897 ஜூன் 22ஆம் நாள் இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ராண்டும் அயர்ஸ்ட் என்னும் படை அலுவலரும் சாபேகர் உடன்பிறந்தாரால் சுடப்பட்டனர். தாமோதர் சாபேகர் அடுத்த ஆண்டு ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். கேசரி இதழில் வெளிவந்தவற்றுக்காகத் திலகர் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். திலகர் நோய்த்தடுப்பை எதிர்த்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. புனேயில் பிளேக் நோயாளிகளுக்கென மருத்துவமனை அமைய முன்னின்றவர் அவர். அவர் எதிர்த்தது முறையை. ஆனால் முறையை எதிர்ப்பவருக்கும் மருந்தை எதிர்ப்பவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அதிகாரம் காண விரும்பவில்லை. இன்றும் பல இடங்களில் அது காணப்படுவதில்லை.

இவற்றினும் முதன்மையானது பின்னர்த் தெரியவந்தது. 1898இல் கராச்சியில் ஆய்வு செய்த பால்லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோய் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருகிறது என்று கண்டார். அக்கருத்து முதலில் ஏற்கப்படவில்லை. 1905க்குப் பின் மும்பையில் நடந்த விரிவான ஆய்வுகளே அதனை நிலைநாட்டின. அங்ஙனமாயின் புனேயில் நெறிகட்டிய நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்ததும், அவர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தியதும் நோயின் உண்மையான வழியைப் பெரும்பாலும் தொடவேயில்லை. அதிகாரிகள் தீயநோக்கினர் என்பது இதன் பொருளன்று. அவர்கள் அன்றைய அறிவின்படியே நடந்தனர். ஆனால் அன்றைய அறிவு எவ்வளவு குறையுடையது என்பதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள அவர்களிடம் அடக்கம் இல்லை. செவியறிவுறூஉ பொங்காமையை வற்புறுத்தியது வேந்தனுக்காக. அறிவின் பெயரால் ஆள்பவருக்கும் அது பொருந்தும்.

ஊசியின் முன் நிற்றல்

இதே காலத்தில் இதே மாகாணத்தில் வேறொரு முறையும் இருந்தது. மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய ஹாஃப்கின், 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். இஸ்மாயிலி சமூகத்தின் தலைவராயிருந்த மூன்றாம் ஆகாகான், தம்மைப் பின்பற்றுவோர் தயங்கியதைக் கண்டு, அவர்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார்; ஒருமுறையன்று, பலமுறை. அவருக்கு அப்போது இருபது வயதளவே. 1899இல் கொல்கத்தாவில் நிவேதிதை பாக்பஜார் சந்துகளைத் தாமே துடைப்பங் கொண்டு கூட்டத் தொடங்கிய பின்னரே அப்பகுதி இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். புனேயருகே தம் மகனின் மருத்துவ விடுதிக்கு நோயாளிகளைக் கொண்டுசேர்த்துவந்த சாவித்திரிபாய் புலே, அந்நோய் தொற்றி 1897 மார்ச்சு 10ஆம் நாள் இறந்தார்.

இவற்றை முன்மாதிரி என்ற சொல்லால் குறித்துவிட்டுச் செல்வது வழக்கம். இன்று விளம்பரத் துறையும் இதனை ஓர் உத்தியாகக் கற்பிக்கிறது. திரைக்கலைஞரும் விளையாட்டு வீரரும் ஊசி போட்டுக்கொள்ளும் படங்கள் வெளியாகின்றன. ஆனால் ஆகாகான் செய்ததன் அறமதிப்பு புகழில் இல்லை. அந்த ஊசி அப்போது புதியது. கடுங்காய்ச்சலையும் வலியையும் தந்தது. அதன் பின்விளைவுகளை எவரும் முழுதறியார். பிறரை ஏற்குமாறு கேட்ட இடரை அவர் முதலில் தம் உடலில் ஏற்றார். அதனால் அவருடைய சொல் மேலிருந்து இறங்கும் ஆணையாக இல்லாமல், உடன்நிற்பவரின் அழைப்பாயிற்று. திசைமாற்றத்தால் வந்த கேட்டை ஓரளவு நீக்கும் வழி இதுவெனலாம். இடரில்லாத ஒன்றை ஒளிப்படக் கருவியின் முன் செய்துகாட்டுதல் இதனோடு ஒப்பாகாது.

பொய்ம்மையின் இடம்

இனி, நன்மைக்காக மிகைப்படுத்தலும் மறைத்தலும் தகுமா என்ற வினா. திருக்குறள் வாய்மை அதிகாரம், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தது என்று இசைவு தருகிறது. பொதுநலப் பணியாளர் சிலர் இக்குறளைத் தமக்கு ஆதரவாகக் காட்டுவதுண்டு. ஊசியால் ஒரு தீங்கும் வராது என்று சொல்லிவிட்டால் ஆயிரம் உயிர் பிழைக்குமே, சொன்னால் என்ன என்பது அவர் வாதம்.

பரிமேலழகர் இதற்குக் காட்டும் நிலையை நோக்குதல் வேண்டும். கேடோ சாவோ எய்த நின்ற ஓர் உயிர், அப்பொய்யினால் அதனின்று நீங்கி இன்புறுவதையே அவர் கூறுகிறார். ஓர் உயிர், ஒரு நெருக்கடி, ஒரு பொய். நெருக்கடி தீர்ந்ததும் பொய்யின் வேலையும் தீர்கிறது. அரசு பல கோடிப் பேரிடம் உரைக்கும் பொய் அவ்வாறு தீர்வதில்லை. அது நினைவாகத் தங்கி, அடுத்த நோய் வரும்போது முன்னே வந்து நிற்கும். புரை தீர்ந்த என்ற அடைமொழியின் முழுப்பொருளையும் கொண்டால், இன்று தரும் நன்மையோடு நாளை தரும் தீமையையும் அப்பொய்யின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அங்ஙனம் சேர்த்தால் கொள்ளைநோய்க் காலத்து அரசுப்பொய் இக்குறளின் இசைவைப் பெறுவது அரிது.

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் என்ற ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். அனைவருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். ஊரில் புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மை செய்யப்படாததும் பின்னர் வெளியாயின. ரொனால்டு ராஸ் போன்றோர் வாதிட்டபின் 1907இல்தான் ஹாஃப்கின் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. மருந்து குற்றமற்றது, அதனைச் செலுத்திய முறை குற்றமுடையது என்ற எளிய உண்மையைப் பொதுமக்களிடம் உடனே சொல்லியிருந்தால் ஊசியின்மேல் நம்பிக்கை மீண்டிருக்கக்கூடும். அவ்வுண்மை வெளிவரும் வரை, ஊசிக்கு அஞ்சிய ஊரார் அனைவர்க்கும் முல்கோவால் ஒரு சான்றாகவே இருந்தது.

உண்மை பேசும் கடன் மக்கள் பக்கத்தினர்க்கும் உண்டு. 1897இல் இங்கிலாந்தில் இருந்த கோகலே, புனேயில் படைவீரர்கள் பெண்களை இழிவுசெய்ததாக வந்த செய்திகளை அங்கு வெளியிட்டார். நாடு திரும்பியபின் அவற்றை மெய்ப்பிக்க இயலாதபோது வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அதற்காக அவரைத் தம் நாட்டவரே கோழை என்று பழித்தனர். குற்றச்சாட்டு முழுவதும் பொய் என்பதற்கு அம்மன்னிப்பு சான்றாகாது. அஞ்சிய சாட்சிகள் முன்வருவதில்லை. ஆயினும் மெய்ப்பிக்க முடியாததை வலியுறுத்த மறுத்த அந்நேர்மை, அக்காலத்து அரசு அறிக்கைகளுள் காணக்கிடைக்கவில்லை.

மொராதாபாத்தின் வாசற்படிகள்

ஒரு நூற்றாண்டுக்குப் பின் உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் இதே வினா மீண்டும் எழுந்தது. 2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் தாக்குண்டனர். அவர்களுள் 1,242 பேர் உத்தரப்பிரதேசத்தினர். மொராதாபாத் வட்டாரத்தில், குறிப்பாக முஸ்லிம் குடியிருப்புகளில், பல பெற்றோர் சொட்டுமருந்தை மறுத்தனர். அது குழந்தைப்பேற்றைத் தடுக்கும் மருந்து என்ற வதந்தி பரவியிருந்தது. இதனை அறியாமை என்று ஒதுக்கியவர் பலர். ஆனால் 1976–77ஆம் ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பல வற்புறுத்தலால் நடந்தவை. அதே மேற்குப் பகுதியைச் சேர்ந்த முசாபர்நகரில் 1976 அக்டோபரில் அதனை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. சுகாதாரத் துறையின் பெயரால் வாசலில் நின்றவரை அவ்வூரார் முன்பும் கண்டிருந்தனர். வதந்தி பொய், அதனை நம்பவைத்த நினைவு மெய்.

பெற்றோர் கூறிய வேறொரு செய்தி இன்னும் கருதத்தக்கது. பலமுறை சொட்டுமருந்து பெற்ற குழந்தைக்கும் நோய் வருகிறதே என்றனர். 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முதல் வகைப் போலியோ நச்சுயிரிக்கு எதிராக அம்மருந்தின் ஒரு தவணை உத்தரப்பிரதேசத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 குழந்தைகளுக்கே காப்பளித்ததாகக் காட்டியது. நாட்டின் பிற பகுதிகளில் அது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நெருக்கமான குடியிருப்பும், கழிவுநீரும், ஓயாத வயிற்றுப்போக்கும் இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன. அதாவது, விளக்கிச் சொல்ல வந்தவர்களுக்கு முன்பே அப்பெற்றோர் மருந்தின் குறையைக் கண்டிருந்தனர். அதற்காக மருந்தை மறுத்தது பிழையான முடிவு. மேலும் பல தவணைகள் தேவை என்பதே சரியான முடிவு. ஆனால் அவர்களுடைய கண்ணறிவு பிழையன்று. முன்னரே கேட்டிருந்தால் அது ஆய்வுக்குரிய செய்தியாகியிருக்கும்.

அவர்கள் கேட்ட மற்றொரு வினா: சாக்கடை அள்ள எவரும் வருவதில்லை, காய்ச்சலுக்கு மருத்துவர் இல்லை, இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் வருகிறீர்கள்? இவ்வினாவில் ஏளனம் இருந்தது, அறமும் இருந்தது. தமக்குத் தேவையானபோது மட்டும் வாசலுக்கு வருபவரை எவரும் ஐயுறுவர். காலப்போக்கில் பணியின் போக்கு மாறியது. அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களே பெற்றோரிடம் பேசும் பணியாளராயினர். இமாம்கள் தொழுகைக்குப் பின் பேசினர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் ஜாமியா மில்லியாவினரும் துணை நின்றனர். 2009இல் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் 107 வட்டாரங்கள் தெரிவு செய்யப்பட்டு, சொட்டுமருந்தோடு தூய குடிநீரும், துப்புரவும், வயிற்றுப்போக்குத் தடுப்பும் சேர்க்கப்பட்டன. கேட்கப்பட்ட வினாவுக்கு, காலந்தாழ்ந்தும் முழுமையற்றும் ஆயினும், செயலால் கூறப்பட்ட விடை இது. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சு 27ஆம் நாள் தென்கிழக்காசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. அறம் வென்றதால் நோய் ஒழிந்தது என்று கூறுவது மிகையாகும்; புதுவகை மருந்துகளும் பெரும்பொருளும் பல லட்சம் பணியாளரின் உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டன. ஆயினும் கதவு திறந்தபின்னரே மருந்து உள்ளே செல்ல முடியும்.

சொல் பற்றிய ஒரு குறிப்பு தமிழ்த்துறையினர்க்குரியது. 2020இல் கொரோனா பரவியபோது சமூக இடைவெளி என்ற மொழிபெயர்ப்பு அரசு அறிவிப்புகளில் எங்கும் வழங்கியது. தீண்டாமையை வாழ்ந்தறிந்தவர்களுக்குச் சமூகமும் இடைவெளியும் சேர்ந்த அத்தொடர் எத்தகைய ஓசை எழுப்பும் என்று அதனை ஆக்கியோர் எண்ணியதாகத் தெரியவில்லை. உலக நலவாழ்வு நிறுவனமே அவ்வாண்டு மார்ச்சில் உடல் இடைவெளி என்ற வழக்குக்கு மாறியது. தமிழில் பழைய தொடரே பெரிதும் நிலைத்தது. மக்களை நோக்கிய சொல்லை மக்கள் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்க்கும் வேண்டும்.

2020 மார்ச்சு 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடளாவிய ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. நான்கு மணி நேரம். நோய்த்தடுப்பு நோக்கில் அதனை ஆதரிப்போரும் உளர். அவ்விவாதம் ஈண்டு வேண்டா. நெடுஞ்சாலைகளில் நடந்துசென்ற தொழிலாளரிடம் முன்கூட்டி ஒன்றும் கேட்கப்படவில்லை என்பதே நம் வினாவோடு தொடர்புடையது. அவ்வாண்டும் கையாளப்பட்டது 1897ஆம் ஆண்டுச் சட்டமே. ஏப்ரலில் அவசரச் சட்டமாகவும் செப்டம்பரில் திருத்தச் சட்டமாகவும் அதில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குரிய தண்டனை சேர்க்கப்பட்டது. அது வேண்டியதே; பணியாளர் பலர் தாக்கப்பட்டிருந்தனர். 2024 பிப்ரவரியில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 286ஆம் அறிக்கையில் அச்சட்டத்தின் குறைபாடுகளை ஆராய்ந்து, அதனைத் திருத்தவோ புதிய சட்டம் இயற்றவோ பரிந்துரைத்தது. மூலச்சட்டத்தில் ஆணையிடுபவர்க்கு அதிகாரம் உண்டு, அவர்க்குப் பாதுகாப்பு உண்டு, மீறுபவர்க்குத் தண்டனை உண்டு. வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து, ஏன் என்று கேட்பவருக்கு விடையளிக்கும் கடமையை எவர்மீதும் சுமத்தும் பிரிவு அதில் இல்லை.